முப்பது பதிவு வாங்கினால் சம்பால் விற்குமா?

சிறு வியாபாரிகள் சமூக ஊடகத்துக்குச் செலவழித்த பணத்தைப் பற்றி இந்த மாதம் கடிதங்கள் குவிந்துவிட்டன. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: வீட்டில் சாம்பிராணி செய்து விற்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பதிவு போட வேண்டும்? (செந்தூல்)

பதில்: வாரத்துக்கு மூன்று. மூன்று மாதம் விடாமல் போட்டுக் காட்டுங்கள், அப்புறம் நாலாவதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: வீட்டில் இறால் சம்பாலும் (மிளகாய் விழுது) சாம்பார் பொடியும் செய்கிறேன். ஒரு நிறுவனம் மாதம் 680 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) 30 பதிவு போட்டுத் தருவதாகச் சொல்கிறது. 2026 சனவரி 31 முதல் பிப்ரவரி முடிய உள்ள அட்டவணையை இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: போடாதீர்கள் அக்கா. காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ‘மாதம் முப்பது’ வியாபாரத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு.

அட்டவணையைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ‘இனிய வாரம்’ என்று ஒரு பூப்படம். காதலர் தினத்துக்கு மூன்று பதிவு. பொடி வாங்குகிறவர் யாருக்குக் காதல் கடிதம் எழுதப் போகிறார்? முப்பதில் உங்கள் பொருள் தலைகாட்டுவது பதினொன்றில்தான். அதில் ஒன்றில்கூட விலை இல்லை, எடை இல்லை, எந்தப் பகுதிக்கெல்லாம் அனுப்புவீர்கள் என்ற விவரம் இல்லை. உங்கள் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி. அவர்கள் போட்டிருக்கும் படத்தில் தங்க நிற மூடி. எங்கிருந்தோ எடுத்த படம். பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) ஊறுகாய் விற்பவருக்கும் அதே படம்தான் போகும், சின்னம் மட்டும் மாறும்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். சனவரி 31-ஆம் தேதிக்கு என்ன போட்டிருக்கிறார்கள் பாருங்கள்: ‘சுடச்சுட இறால் சம்பால், இன்றே ஆர்டர் செய்யுங்கள்’. மறுநாள் தைப்பூசம்! உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் விரதத்தில் இருப்பார்கள். காவடி எடுக்கிறவர் வீட்டில் முட்டையே நுழையாது, இறால் எப்படி நுழையும்? அந்த வாரம் பேச வேண்டியது சாம்பார் பொடியைப் பற்றி. பிப்ரவரி 17 சீனப் பெருநாள். அதற்கு முன்னால் கூரியர் தாமதமாகும் என்பது அனுப்பிப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். 19-ஆம் தேதியை ஒட்டி ரமலான் நோன்பு தொடங்குகிறது. விடியலுக்கு முன் சாப்பிடும் சஹூர் நேரத்துக்குக் கைவசம் ஒரு பாட்டில் சம்பால் இருந்தால் நல்லது என்று நினைக்கிற மலாய்க் குடும்பங்கள் எத்தனை! அந்த வாரத்துக்கு அட்டவணையில் இருப்பது ‘புன்னகையோடு தொடங்குங்கள்’.

இவர்கள் எண்ணிக்கையை விற்கிறார்கள். முப்பது என்று எழுதிக் கொடுத்தால் முப்பதை நிரப்பியாக வேண்டும், நிரப்புவதற்கு வாழ்த்துப் படத்தைவிட மலிவான சரக்கு கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. சமையலறையில் தொங்கும் நாள்காட்டியை எடுங்கள். எந்த நாளில் சம்பால் கிளறுகிறீர்கள், எத்தனை பாட்டில் தேறும், கடைசி ஆர்டர் என்றைக்கு என்று முதலில் அதில் குறியுங்கள். கடைசி ஆர்டர் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பதிவுகளை வையுங்கள். கிளறும் நாளில் வாணலியில் எண்ணெய் பிரிவதைக் கைத்தொலைபேசியில் அரை நிமிடம் எடுத்துப் போடுங்கள். ஆர்டர் திறக்கும் நாளில் விலை, எடை, அனுப்பும் இடம். மூடுவதற்கு முதல் நாள் ‘இன்னும் இத்தனை பாட்டில்தான்’. ஒரு சுற்றுக்கு இந்த மூன்று போதும். 680 வெள்ளி கையில் இருந்தால் ஒரு பிற்பகல் நல்ல படக்காரரை வரவழைத்து, உங்கள் சிவப்பு மூடியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல மாதத்துக்கு வரும். மிச்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்கு உடனே பதில் போடுங்கள். அதை அந்த நிறுவனம் செய்யாது, கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ‘பதிவு போட உகந்த நேரங்கள்’ என்ற அட்டவணையை இணையத்தில் 49 வெள்ளிக்கு வாங்கினேன். அதன்படி காலை 9 மணிக்குத் தோசை மாவு விளம்பரம் போடுகிறேன். யாரும் சீண்டவில்லை. (ஆயர் ஈத்தாம்)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் ‘ஈ.எஸ்.டி.’ என்று இருக்கிறது. அது நியூயார்க் நேரம். பனிக்காலத்தில் நாம் அவர்களைவிட 13 மணி நேரம் முன்னால் இருக்கிறோம், கோடையில் 12. பனிக்காலத்தில் அங்கே காலை 9 என்றால் இங்கே இரவு 10. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் கீழே பார்த்திருக்கலாமே!

உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொழில் கணக்காக மாற்றினால், உங்களைப் பின்தொடர்பவர்கள் எந்த நேரத்தில் அதிகம் புழங்குகிறார்கள் என்பதை அதுவே இலவசமாகக் காட்டும். மாவுக்கு என்னைக் கேட்டால் மாலை ஐந்து. நாளைக்குக் காலை என்ன பலகாரம் என்ற கவலை வீட்டில் அப்போதுதான் பிறக்கிறது.

கேள்வி: 180 வெள்ளி கொடுத்து 10,000 பின்தொடர்பவர்களை வாங்கினேன். ஒருவர்கூட ரவிக்கை தைக்க வரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (மஸ்ஜிட் இந்தியா)

பதில்: கேளுங்கள். அந்தப் பத்தாயிரம் போலிக் கணக்கும் வந்து சாட்சி சொல்லும்.

கேள்வி: பதிவுகளை முன்கூட்டியே அடுக்கி வைக்கும் மென்பொருளுக்கு மாதம் 15 டாலர் கட்டுகிறேன். அவசியமா? (செராஸ்)

பதில்: முகநூலும் இன்ஸ்டாகிராமும் மட்டும்தான் என்றால் அவசியமில்லை. மெட்டா பிசினஸ் சூட் இலவசம், இரண்டுக்கும் ஒரே இடத்தில் தேதி குறிக்கலாம். தொழில் கணக்காக இருந்தால் இன்ஸ்டாகிராம் செயலியிலேயே 75 நாள் வரை முன்னால் பதிவை வைக்க முடியும். டாலரில் கட்டும்போது வங்கி எடுக்கிற மாற்றுக் கட்டணமும், வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடாகிவிட்ட சேவை வரியும் சேருமா என்று பில்லைப் பாருங்கள்.

இந்த மாதிரி ஒன்றுக்கு நான் ‘ஆயுள் சந்தா’ கட்டியவன். என் ஆயுள் நன்றாகத்தான் ஓடுகிறது, கடையைத்தான் அவர்கள் மூடிவிட்டார்கள். அதோடு சேர்த்து வாங்கிய, படம் எடுப்பதற்கான வட்ட விளக்கில் இப்போது துண்டு காய்கிறது.

கேள்வி: எங்கள் கேக் கடைக்கு மூன்று மாதம் பதிவு போடுவதாக ஒருவர் 1,800 வெள்ளி முன்பணம் வாங்கினார். இரண்டு வாரம் போட்டார். இப்போது போனை எடுப்பதில்லை. முகநூல் பக்கத்தைத் திறந்ததும் அவர்தான், எங்களால் உள்ளே போகவே முடியவில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா? (பட்டர்வொர்த்)

பதில்: படிக்கவே வயிறு எரிகிறது தம்பி. நீங்கள் அசட்டையாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. ரசீது வாங்கியிருக்கிறீர்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள். ஏமாற்ற வந்தவன் ஏமாற்றிவிட்டான்.

ஆனால் நடுவர் மன்றம் இதற்கு உதவாது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு, வீட்டுத் தேவைக்கு வாங்குகிறவருக்கானது. கேக் வியாபாரத்துக்காக நீங்கள் வாங்கிய சேவை அதில் அடங்காது. இது தெரியாமல் போய் நாளை வீணாக்கியவர்கள் நிறைய.

உங்களுக்கான வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை. 5,000 வெள்ளிக்குள் உள்ள வழக்கை வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே தாக்கல் செய்யலாம். கடை உங்கள் சொந்தப் பெயரிலா, செண்டிரியான் பெர்ஹாட்டா (தனியார் நிறுவனமா) என்பதை மட்டும் நீதிமன்றப் பதிவகத்தில் முதலிலேயே சொல்லுங்கள். அந்த வழி தனிநபர்களுக்குத்தான். போவதற்கு முன்னால் தேதி போட்டு, பதினான்கு நாள் கெடு வைத்து, ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பணம் போன வங்கிக் கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். அதன் மேல் வேறு புகார்கள் இருந்தால் நீங்களும் போலீசில் ஒரு ரிப்போர்ட் போட வேண்டும்.

புதுப் பக்கத்தை உங்கள் கணக்கிலிருந்து நீங்களே திறங்கள். வேலைக்கு வருகிறவருக்குப் பதிவு போடும் உரிமையை மட்டும் கொடுங்கள். கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள், வேலை முடிந்த அன்றே அந்த உரிமையையும் எடுத்துவிடுங்கள். வீட்டுச் சாவியைத் தோட்டக்காரரிடம் யாராவது கொடுப்பார்களா?

கேள்வி: தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் பூசைப் பொருள் கடை வைத்திருக்கிறோம். தைப்பூசத்துக்கு இன்னும் பத்து நாள்தான். ‘ஏழு நாள் வேக விளம்பரம்’ என்று 900 வெள்ளி கேட்கிறார்கள். இவ்வளவு தாமதமாக எப்படித் திட்டமிடுவது? (பினாங்கு)

பதில்: தைப்பூசம் எப்போது வரும் என்று போன வருடமே தெரியும். சரி, போகட்டும். 900 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். முதல் வேலையாகக் கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையின் நேரத்தைத் திருத்துங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் அங்கேதான் தேடுவார். அடுத்து ஒரே ஒரு காணொளி: பால்குடம் என்ன விலை, தேங்காய் என்ன விலை, ரதம் போகும் வழியிலிருந்து கடைக்கு எப்படி நடந்து வருவது, இரவு முழுக்கத் திறந்திருக்குமா. அதையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் போடுங்கள். உங்கள் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பது எனக்கு எழுதிய கடிதத்தில்கூட இல்லை.