கணினி கேள்வி பதில்: ஸ்லைடோடு குரலும் முகமும்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் ஆசிரியை நான். பாடத்துக்கான பவர்பாயிண்ட் ஸ்லைடுகள் தயாராக இருக்கின்றன. என் குரலும், ஓரத்தில் என் முகமும் வருகிற மாதிரி வீடியோவாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. திரையில் நடப்பதை வீடியோவாகப் பதியும் ஓ.பி.எஸ். ஸ்டூடியோ மென்பொருள் இலவசம், நல்லது என்றார்கள். போட்டுப் பார்த்தால் திரை கருப்பாகவே இருக்கிறது, குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. லேப்டாப் கொஞ்சம் பழசு. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, அரூர்

பதில்: டீச்சர், ஓ.பி.எஸ்.ஸை இப்போதைக்கு மூடிவிட்டு பவர்பாயிண்டையே திறங்கள். உங்களிடம் இருப்பது மைக்ரோசாஃப்ட் 365 அல்லது 2021 பதிப்பு என்றால், ‘ஸ்லைடு ஷோ’ மெனுவில் உள்ள ‘ரெக்கார்ட்’ பட்டனே குரல், கேமரா இரண்டையும் சேர்த்துப் பதிந்துவிடும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, குரல் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனியாகப் பதிவாவதுதான். ‘பற்று’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறி ‘வரவு’ என்று சொல்லிவிட்டீர்களா, அந்த ஒரு ஸ்லைடை மட்டும் திரும்பப் பேசினால் போதும், முழுப் பாடத்தையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. வகுப்பு முடிந்து களைத்துப்போய் உட்கார்ந்து பதிவு செய்கிற ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை என்பேன். ஒன்றே ஒன்று, ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும் அந்தச் சில நொடிகளில் குரல் பதிவாகாது. ஸ்லைடு முழுதாக வந்து நின்ற பிறகு பேச ஆரம்பியுங்கள், இல்லையென்றால் முதல் வார்த்தை காணாமல் போய்விடும். எல்லாம் முடிந்ததும் ‘ஃபைல்’, ‘எக்ஸ்போர்ட்’, ‘கிரியேட் எ வீடியோ’ என்று போனால் எம்பி4 கோப்பு கிடைத்துவிடும்.

அப்படியென்றால் ஓ.பி.எஸ். எதற்கு? நடுவில் எக்செல் திறந்து ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) போட்டுக் காட்ட வேண்டும், அப்புறம் ஸ்லைடுக்குத் திரும்ப வேண்டும் என்றால் அதுதான் சரி. கருப்புத் திரை பெரும்பாலும் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களில் வருவது: திரையை ஒரு சிப் இயக்குகிறது, ஓ.பி.எஸ். இன்னொன்றில் ஓடுகிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’, ‘கிராஃபிக்ஸ்’ பகுதிக்குப் போய் ஓ.பி.எஸ்.ஸைச் சேர்த்து ‘பவர் சேவிங்’ என்று மாற்றி, ஓ.பி.எஸ்.ஸை மூடித் திறங்கள். முழுத்திரையே வேண்டாம் என்றால், பவர்பாயிண்டின் ‘செட் அப் ஸ்லைடு ஷோ’வில் ‘பிரவுஸ்டு பை ஆன் இண்டிவிஜுவல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஸ்லைடுகள் ஒரு விண்டோவுக்குள்ளேயே ஓடும், அதை ஓ.பி.எஸ்.ஸில் ஒரு விண்டோவை மட்டும் பதிகிற ‘விண்டோ கேப்சர்’ கொண்டு பிடித்துக்கொள்ளலாம்.

பழைய லேப்டாப் என்பதால் ஓ.பி.எஸ்.ஸில் அவுட்புட்டை, அதாவது பதிவாகும் வீடியோவின் அளவை, 1280x720, நொடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்தாலே தாராளம். ஸ்லைடில் எழுத்துதானே, ஓட்டப்பந்தயம் இல்லையே. இன்டெல் பிராசஸர் என்றால் என்கோடரில் (வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் பகுதி) இன்டெல் கிராஃபிக்ஸ் சிப்பே அந்த வேலையைச் செய்யும் ‘குவிக்சிங்க்’ இருக்கிறதா பாருங்கள், சுமை நிறையக் குறையும்.

குரல்தான் முக்கியம். படம் சுமாராக இருந்தாலும் பிள்ளைகள் பார்ப்பார்கள், குரல் தெளிவாக இல்லாவிட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். லேப்டாப்பில் உள்ள மைக் உங்கள் வாயிலிருந்து தள்ளி இருக்கிறது, அறையின் எதிரொலியும் ஃபேன் சத்தமும் சேர்ந்துதான் அந்தக் கிணற்றுக் குரல். வயர் உள்ள ஒரு காலர் மைக்கோ யு.எஸ்.பி. மைக்கோ வாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். புளூடூத் இயர்போன் மைக் வேண்டாம். அதில் மைக்கை இயக்கியதும் ஒலியின் தரம் நன்றாக இறங்கிவிடும். ஓ.பி.எஸ். மிக்ஸரில் நீங்கள் சாதாரணமாகப் பேசும்போது பட்டை மஞ்சள் பகுதியில், அதாவது -20க்கும் -9 டெசிபலுக்கும் இடையில், ஆட வேண்டும், சிவப்பைத் தொடக்கூடாது. மைக்கின் ஃபில்டர்களில் ‘நாய்ஸ் சப்ரஷன்’ சேர்த்தால் ஃபேன் இரைச்சல் அடங்கும்.

முகத்தை எங்கே வைப்பது? உங்கள் ஸ்லைடுகள் பழைய 4:3 அளவில் இருந்தால் அதிர்ஷ்டம்தான். 1920x1080 திரையில் ஸ்லைடு 1440 பிக்சல் அகலத்தோடு முடிந்துவிடும், மீதி 480 பிக்சல் சும்மா கிடக்கும். ஸ்லைடை இடது ஓரமாகத் தள்ளிவிட்டு முகத்தை அந்த வெற்றிடத்தில் போடுங்கள், ஓர் எழுத்துகூட மறையாது. அகலமான 16:9 ஸ்லைடு என்றால் வலது கீழ் மூலையை எல்லா ஸ்லைடிலும் காலியாக விட்டுவைக்க வேண்டியிருக்கும்.

உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் போனால், கேமரா முன் ஒரு தடவை கை தட்டிப் பதிந்து பாருங்கள். ஒலி முந்தி வந்தால் ஓ.பி.எஸ்.ஸின் ‘அட்வான்ஸ்டு ஆடியோ புராபர்ட்டீஸ்’ உள்ளே ‘சிங்க் ஆஃப்செட்’டில் 100 மில்லிசெகண்டில் தொடங்கிக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம்.

கேள்வி: டெஸ்க்டாப்பில் ஓ.பி.எஸ். வைத்து ஒரு முழு வகுப்பைப் பதிந்துகொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது. அந்த எம்பி4 இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறது. வழி உண்டா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சாதாரண எம்பி4 கோப்பில், அதைத் திறக்கத் தேவையான விவரம் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் நின்றுவிட்டால் அது இருக்காது, மீட்பது கஷ்டம். இனிமேல் செட்டிங்ஸின் ‘அவுட்புட்’ பகுதியில் கோப்பு வகையை எம்கேவி என்று மாற்றிவிடுங்கள். கரண்ட் போனாலும் அதுவரை பேசியது நிற்கும். பிறகு ‘ஃபைல்’ மெனுவில் ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும், நேரமும் அதிகம் பிடிக்காது.