வலிக்கு முன்பே வந்துவிடும் வாக்கியம்

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 39. எட்டாம் வகுப்பில் என்னைக் கரும்பலகை முன்னால் நிற்கவைத்து, வகுப்பே சிரிக்கும்படி ஆசிரியர் ஒன்று சொன்னார். அன்றிலிருந்து எனக்குக் கணக்கு வராது. ஆறாவது படிக்கும் மகன் பின்னக் கணக்கோடு வந்தால் "அப்பா வரட்டும்" என்று அனுப்பிவிடுவேன். போன வாரம் அவனே, "எனக்கும் உன்னை மாதிரி கணக்கு வராதும்மா" என்றான். அன்று ராத்திரி தூக்கம் இல்லை. கடையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மார்பளவு 35 இஞ்ச் என்றால் நாலில் ஒரு பங்கு எட்டே முக்கால், லூசுக்கு அரை, தையலுக்கு ஒன்றரை, பத்தே முக்காலில் கோடு போட்டு வெட்டிவிடுவேன். அது கை வேலை, கணக்கு வேறு. யூடியூபில் பார்த்து இரண்டு மாதமாகக் கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று தினமும் 21 முறை சொல்கிறேன். புத்தகத்தைத் திறந்தால் பழையபடிதான். தியானம் செய்தால் இது போகுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

"அது கை வேலை, கணக்கு வேறு" என்ற வரியை நாலைந்து முறை படித்தேன். எட்டே முக்காலோடு அரையைக் கூட்டினால் ஒன்பதே கால், அதோடு ஒன்றரை சேர்ந்தால் பத்தே முக்கால். உங்கள் மகனின் புத்தகத்தில் இருக்கும் பின்னக் கூட்டலும் இதுதான். தப்பினால் துணி வீண், காசு நஷ்டம் என்ற இடத்தில் பிசகாமல் செய்கிறீர்கள். அதே கூட்டல் கணக்கு என்ற பெயரோடு வந்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு இது புரிந்தது ஒரு விபாசனா தியான முகாமில். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் அந்த மையம் இருக்கிறது. பத்து நாள் முகாம். பத்தாம் நாள் காலை வரை பேச்சு கிடையாது, காலை 4 மணிக்கு எழ வேண்டும். முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். அப்புறம் உடம்பில் தோன்றும் உணர்ச்சிகளைக் கவனிக்கச் சொல்வார்கள். அதன்பின் தினமும் மூன்று வேளை, ஒரு மணி நேரம் கைகால் அசைக்காமல் உட்கார முயல வேண்டும். அதிட்டானம் என்று பெயர்.

ஐந்தாம் நாள் மதியம் பாதி நேரத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வலது முழங்காலில் தீ வைத்த மாதிரி வலி. "என்னால் முடியாது" என்று மனம் சொன்னது, காலை நீட்டிவிட்டேன். மறுநாள் உட்கார்ந்து கண்ணை மூடியதுமே அதே வாக்கியம் வந்துவிட்டது. அப்போது காலில் வலியே இல்லை. வலிக்கு முன்பே வாக்கியம் வந்து காத்துக்கொண்டிருக்கிறது! உற்றுப் பார்த்தால் அதற்கும் முன்னால் வேறொன்று இருந்தது. அடிவயிறு லேசாக இறுகியது, தாடை கெட்டித்தது, மூச்சு மேலேயே நின்றது. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் "முடியாது" என்ற சொல் வந்தது. அந்த இறுக்கத்தை இறுக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தபோது கால் வலித்தது, ஆனால் நான் அசையவில்லை.

நீங்கள் கண்ணாடி முன் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. "வராது" என்ற வாக்கியத்தின் மேல் "முடியும்" என்ற வாக்கியத்தை ஒட்டுகிறீர்கள். அடியில் இருக்கும் இறுக்கத்தை அது தொடுவதே இல்லை. பதற்றம் வந்தால், எண்களை நினைவில் பிடித்து வைக்க வேண்டிய இடத்தைப் பயம் அடைத்துக்கொள்ளும். அப்போது தெரிந்த கணக்கும் தெரியாமல் போகும். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

தியானத்தால் போகுமா என்று கேட்கிறீர்கள். விபாசனாவை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்கா பர்மாவில் பிறந்த வணிகர். ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். 1955-இல் ரங்கூனில் ஊ பா கின்னிடம் இந்தத் தியானம் கற்கப் போனார். ஊ பா கின் பர்மிய அரசின் தலைமைக் கணக்காயராக இருந்தவர். உங்கள் கடிதத்துக்கு நடுவே ஒரு கணக்கு அதிகாரி நினைவுக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம். தலைவலிக்காக என்றால் இது வேண்டாம் என்று ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டார். நானும் உங்களிடம் அதையே சொல்வேன். பயத்தைத் துரத்துவதற்காக உட்காராதீர்கள், அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள உட்காருங்கள். இதற்குப் பத்து நாள் முகாமும் வேண்டாம்.

மகன் புத்தகத்தோடு வந்ததும், "அப்பா வரட்டும்" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். தொண்டையில் என்ன நடக்கிறது, வயிற்றில் என்ன, பென்சிலைப் பிடித்த விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று பாருங்கள். எட்டாம் வகுப்புக் கரும்பலகை ஞாபகம் வந்தால் வரட்டும். அந்த ஆசிரியர் செய்தது தவறு. அதை மன்னிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அன்றைக்கே நின்றுவிட்டது, இன்று இறுகுவது உங்கள் தொண்டை. பார்க்கும்போதே அது கொஞ்சம் தளரலாம், தளராமலும் போகலாம். இரண்டும் சரிதான். இறுகிய தொண்டையோடே முதல் வரியைப் படியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்களே உண்மையில் பிடிபடாத குறைபாடு சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அவர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும், மூச்சைக் கவனித்தால் சரியாகிவிடும் என்று சொல்வது கொடுமை. பத்தே முக்காலில் கோடு போடும் உங்களுக்கு அது இல்லை என்றே படுகிறது.

என் அப்பா தச்சு வேலை செய்தவர். அவருக்கு ஓர் அங்குலம் என்றால் எட்டு நூல். முக்காலும் அரைக்காலும் எவ்வளவு என்று கேட்டால் "ஆறு நூலும் ஒரு நூலும், ஏழு நூல்" என்பார். புத்தகத்தில் அதுவே 3/4 + 1/8 = 7/8. உங்கள் டேப்பில் ஓர் இஞ்ச் எட்டாகப் பிரிந்திருந்தால் அதைக் கடையிலிருந்து எடுத்துவந்து, மகன் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டின் மேல் விரித்து வையுங்கள். ஆறாவது கோட்டில் அவன் விரலை வைக்கச் சொல்லி, அடுத்த கோட்டுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். அப்போது உங்கள் தொண்டை எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.