கார்ன் ஸ்நேக் இரையைக் கக்குகிறதா? முதலில் சூட்டைப் பாருங்கள்

ஹீட் மேட்டை (தொட்டியைச் சூடாக்கும் மின் விரிப்பு) தொட்டியின் நடுவில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைத்திருப்பதாகவும், நீங்கள் வளர்க்கும் கார்ன் ஸ்நேக் பாம்பு அடுத்தடுத்து இரண்டு முறை எலியைக் கக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். பாவம், செரிக்கத் தேவையான சூடு அதற்குச் சரியாகக் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மேட்டை ஒரு ஓரத்துக்கு நகர்த்துங்கள், தரையில் மூன்றில் ஒரு பங்கு போதும். அந்தப் பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 22 முதல் 25. பாம்பு இரண்டுக்கும் இடையே நகர்ந்துதான் உடல் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். நடுவில் வைத்தால் அதற்கு வழியே இல்லை. தெர்மோஸ்டாட்டை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அது இல்லாத மேட் வயிற்றையே சுட்டுவிடும். தெர்மோஸ்டாட்டின் சென்சாரை மேட்டுக்கு நேர் மேலே, பாம்பு படுக்கும் இடத்தில் பொருத்துங்கள்.

மறைவிடம் குளிர்ந்த பக்கம் மட்டும் இருக்கிறது என்றீர்கள். சூடான பக்கமும் உடல் நெருக்கமாக அடங்கும் அளவில் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் பயத்தில் குளிரிலேயே கிடக்கும். அப்புறம், மூடியைப் பூட்டுங்கள். தப்பிக்க அதற்குச் சின்ன இடுக்கு போதும்.

10 முதல் 14 நாள் இரை வேண்டாம், தண்ணீர் மட்டும். பிறகு வழக்கத்தைவிடச் சின்ன எலி. கொடுத்த பின் 48 மணி நேரம் கையில் எடுக்காதீர்கள். இரண்டு முறை ஆகிவிட்டதால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.