தொட்டித் தண்ணீரில் கரண்ட்: கேள்வி பதில்

கேள்வி: சார், தொட்டிக்குள் கை விட்டால் சுருக்கென்கிறது. மீன்கள் நன்றாகத்தான் நீந்துகின்றன. பயப்பட வேண்டுமா?

பதில்: கட்டாயம். மீனை வைத்து முடிவெடுக்காதீர்கள். தண்ணீர் முழுக்க ஒரே வோல்டேஜில் இருந்தால் மீன் வழியாகக் கரண்ட் பாயாது. நீங்கள் தரையில் நிற்பதால் உங்கள் உடம்பு வழியாக இறங்கிவிடும். எல்லா பிளக்கையும் பிடுங்காமல் இனி கை வைக்க வேண்டாம். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. வயரிங் மாறியிருந்தால் அணைத்த பிறகும் கருவிக்கு ஃபேஸ் வந்துகொண்டிருக்கும்.

கேள்வி: எந்தக் கருவி என்று எப்படிப் பிடிப்பது?

பதில்: மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை நல்ல எர்த்தில், இன்னொன்று தண்ணீரில். எல்லாம் ஓடும்போது அளந்துவிட்டு, ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது சடாரென்று இறங்குகிறதோ, முதல் சந்தேகம் அதன்மேல்தான். ஹீட்டரை மட்டும் அதன் விளக்கு எரியும்போது அளக்க வேண்டும். சூட்டைப் பார்த்துத் தானே போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் அணைத்திருக்கும் நேரத்தில் கோளாறு மறைந்துகொள்ளலாம். பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

கேள்வி: எனக்கு 30 வோல்ட் காட்டுகிறது, ஷாக் இல்லை. எதைப் பிடுங்கினாலும் கொஞ்சம்தான் குறைகிறது.

பதில்: அது பெரும்பாலும் தூண்டப்பட்ட வோல்டேஜ். பம்ப் மோட்டாரும் விளக்கும் பக்கத்தில் இருந்தாலே வரும். அதில் கரண்ட் மிகச் சொற்பம். டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை சுமார் 10 மெகா ஓம் என்பதால் அதையும் பெரிதாகக் காட்டிவிடும். குறைந்த மின்தடை மோடு உள்ள மீட்டரில் அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிடும். வராமல் நின்றால் நிஜமான லீக்கேஜ்.

கேள்வி: தண்ணீரை எர்த்தோடு இணைக்கும் டைட்டானியம் கம்பி மட்டும் போட்டால் போதாதா?

பதில்: போதாது. கோளாறு அப்படியே இருக்க, கரண்ட் பாய நீங்களே தண்ணீருக்குள் வழி போட்டுக் கொடுக்கிறீர்கள். முதலில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்), அப்புறம்தான் கம்பி. இரண்டும் இருந்தால் கருவி பழுதான உடனே சப்ளை துண்டாகிவிடும், உங்கள் கை உள்ளே போகும்வரை காத்திருக்காது.

கேள்வி: ஆர்.சி.சி.பி. ராத்திரியில் மட்டும் விழுகிறதே?

பதில்: குளிர்ந்ததும் ஹீட்டர் போடும் நேரம் அது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓர் இரவு விட்டுப் பாருங்கள். விழவில்லை என்றால் ஹீட்டர்தான். சிலிக்கான் வைத்து ஒட்டும் யோசனையே வேண்டாம், புதிதாக மாற்றிவிடுங்கள்.