எல்லாரும் புலம்பெயர்ந்தவர்கள் அல்லர்

கேள்வி: போலந்துக்கு வெளியே வாழும் போலந்து மக்களைப் பற்றிச் சிறு நூல் ஒன்று எழுதுகிறேன். லித்துவேனியா, கசகஸ்தான், செக் குடியரசு, ஜெர்மனி என நான்கு அத்தியாயங்கள். எல்லாரையும் ‘புலம்பெயர் போலியர்’ என்று ஒரே பெயரில் குறிப்பிட்டால் வாசகருக்கு எளிதாக இருக்குமல்லவா?

பதில்: எளிதாகத்தான் இருக்கும், தவறாகவும் இருக்கும். முதலில் அந்தப் ‘போலியர்’ வேண்டாம். நாலாம் பக்கத்திலேயே வாசகர் இவர்களை மோசடிக்காரர்கள் என்று நினைத்துவிடுவார். ‘போலந்தியர்’ என்றே எழுதுங்கள். ‘போலந்து நாட்டவர்’ என்றும் எழுத வேண்டாம். வில்னியஸில் பிறந்து லித்துவேனியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் எப்படிப் போலந்து நாட்டவர் ஆவார்?

அடுத்தது ‘புலம்பெயர்’. உங்கள் முதல் அத்தியாயத்தில் வருகிறவர்களில் பெரும்பாலோர் எங்கும் பெயரவில்லை, எல்லைதான் பெயர்ந்தது. இரு உலகப் போர்களுக்கு இடையில் வில்னியஸ் போலந்தின் கையில் இருந்தது. 1945-ஐ ஒட்டிப் பலர் போலந்துக்குப் போய்விட, எஞ்சியவர்கள் அதே ஊர்களில் இருக்கிறார்கள். ஷால்சினின்கை மாவட்டத்தில் இன்றும் நான்கில் மூன்று பேருக்கு மேல் போலந்தியர்தான். அவர்களை ‘லித்துவேனியாவின் போலந்தியர்’ என்று எழுதினால் போதும். போலந்துக்காரர்களே இதில் கவனமாக இருக்கிறார்கள். மே 2 அன்று அவர்கள் கொண்டாடும் நாளின் பெயர் ‘பொலோனியா மற்றும் வெளிநாட்டிலுள்ள போலந்தியர் தினம்’. சிகாகோ போன்ற இடங்களுக்குக் குடியேறியவர்களும் அவர்களின் வழிவந்தோரும் பொலோனியா. எல்லை மாறியதால் வெளியே நின்றுபோனவர்களுக்காகத்தான் அந்த இரண்டாம் பாதி.

கசகஸ்தான் வேறு கதை. 1936-இல் சோவியத் உக்ரைனிலிருந்து வலுக்கட்டாயமாகப் பெயர்த்து அனுப்பப்பட்டவர்களின் சந்ததியினர் அவர்கள். ‘குடியேறியவர்கள்’ என்று மென்மையாக எழுதிவிடாதீர்கள்.

செக் அத்தியாயத்தில் ஒரு பொறி இருக்கிறது. 1920-இல் தெஷீன் சைலீசியா என்ற பகுதியை ஓல்சா ஆற்றை ஒட்டிப் போலந்துக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். செக் பக்கம் போன நிலத்தைப் போலந்தியர் ‘ஸாவோல்சே’, அதாவது ஓல்சாவுக்கு அப்பால், என்பார்கள். போலந்திலிருந்து பார்த்தால்தானே அது அப்பால்? 1938-இல் போலந்து அந்த நிலத்தைப் பறித்துக்கொண்டதால் செக் காதுக்கு அந்தப் பெயர் இன்னும் உறுத்தும். உங்கள் சொந்த வாக்கியங்களில் ‘தெஷீன் சைலீசியாவின் செக் பகுதி’ என்றே எழுதுங்கள்.

ஜெர்மனியில் ‘சிறுபான்மையினர்’ என்பது சட்டச் சொல். டேனியர், சோர்பியர், ஃப்ரீசியர், சின்டி-ரோமா ஆகிய நான்கு தரப்பினருக்குத்தான் தேசியச் சிறுபான்மையினர் என்ற அங்கீகாரம். 1991 ஜெர்மன்–போலந்து உடன்படிக்கை, போலந்தில் வாழும் ஜெர்மானியரைச் சிறுபான்மையினர் என்கிறது. ஜெர்மனியில் இருப்பவர்களையோ போலந்து வம்சாவளியினர் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. நீங்களும் ‘போலந்து வம்சாவளியினர்’ என்றே எழுதுங்கள். அங்கீகாரம் வேண்டும் என்று அவர்களில் சிலர் கேட்டு வருகிறார்கள். அதை எழுதும் பத்தியில் மட்டும் ‘சிறுபான்மையினர்’ என்ற சொல் அவர்களுடைய கோரிக்கையாகவே வரட்டும்.