பிரபல பிராண்டுகளுக்கு இணைய கேம் செய்து தரும் வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர். ஜாவாஸ்கிரிப்ட் தெரியும், சின்னச் சின்ன கேம்கள் செய்திருக்கிறேன், சினிமா, டிவி சேனல், சாக்லேட் போன்ற பிராண்டுகளுக்கு ஊடாடும் தளங்களும் கேம்களும் செய்து தரும் ஸ்டூடியோவில் சேரலாமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் சேரலாம். நான் 2008-ல் சென்னையில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் ஃப்ளாஷ் (அன்று இணைய கேம்களும் அனிமேஷனும் செய்யப் பயன்பட்ட அடோபியின் மென்பொருள்) டெவலப்பராகச் சேர்ந்தேன். இன்றும் இதே வேலைதான். பெரும்பாலும் வெளிநாட்டு விளம்பர ஏஜென்சி ஒன்று பிராண்டிடம் வேலையைப் பிடித்து எங்களிடம் கொடுக்கும். செய்வது நாங்கள், ஆனால் எங்கள் பெயர் எங்கும் வராது. ஒப்பந்தம் இருப்பதால் அந்த பிராண்டுகளின் பெயரை இங்கே எழுத முடியாது. ஊருக்கே தெரிந்த உதாரணங்களை மட்டும் பெயரோடு சொல்கிறேன்.

ஒரு கேமைக் காசு கொடுத்து வாங்கியவர் அது பிடிபட அரை மணி நேரம் பொறுமையாக உட்காருவார். பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் கியூஆர் கோடை பஸ் ஸ்டாப்பில் நின்றபடி ஸ்கேன் செய்தவருக்கு அந்தப் பொறுமை கிடையாது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் நமக்குக் கொடுப்பது இரண்டு, மூன்று நிமிடம். அந்த நிமிடங்களுக்கு மரியாதை செய்வதுதான் இந்த வேலை என்று நான் நம்புகிறேன். கிளையண்டுக்குத் தன் லோகோ எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது முக்கியம். விளையாடுபவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது நீங்கள்.

இது இணையத்துக்கும் முந்தைய தொழில். 1983-ல் கோக-கோலா தன் விற்பனையாளர் மாநாட்டுக்காக அட்டாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்திடம் ஒரு கேம் செய்து வாங்கியது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேமில் வேற்றுக்கிரக உருவங்கள் வரும் இடத்தில் 'பெப்சி' என்ற எழுத்துகள் இறங்கி வரும், அவற்றைச் சுட வேண்டும். மொத்தமே 125 பிரதிகள்தான். எனக்கு அதில் பிடித்தது இரண்டு முடிவுகள். எத்தனை தடவை அடிபட்டாலும் உயிர் போகாது, மூன்று நிமிடம் ஆனதும் கேம் தானே முடிந்துவிடும். கேமே தொட்டறியாத ஒரு விற்பனையாளரும் தோற்ற கசப்பில்லாமல் எழுந்து போயிருப்பார். இன்றைக்கு என் மேஜைக்கு வரும் குறிப்புகளிலும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறார்கள்.

இணையத்தில் இந்தக் கலையின் உச்சம் என்று நான் நினைப்பது 2004-ல் பர்கர் கிங்குக்காக வந்த 'சப்சர்வியன்ட் சிக்கன்' தளம். கோழி வேஷம் போட்ட ஒரு ஆள் ஒரு அறையில் நிற்பார். 'குதி', 'படு' என்று எதை டைப் செய்கிறோமோ அதைச் செய்வார். நேரலை கேமரா மாதிரி இருக்கும். ஆனால் எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைத்த 300க்கும் மேற்பட்ட வீடியோத் துண்டுகள்தான். ஆபாசமாக ஏதாவது டைப் செய்தால் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து, 'தப்பு' என்பது போல விரலை ஆட்டுவார். ஜனங்கள் இதைத்தான் டைப் செய்வார்கள் என்று யாரோ முன்னாலேயே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஒரு டெவலப்பராக நான் அதில் பார்ப்பது அந்த யோசனையைத்தான்.

சரி, அன்றாட வேலைக்கு வருகிறேன். கார்ட்டூன் அல்லது சினிமா பாத்திரம் என்றால் கூடவே ஸ்டைல் கைடு ஒன்று வரும். பாத்திரத்தின் கண் எந்தப் பக்கம் பார்க்கலாம், எந்தக் கோணத்தில் காட்டக் கூடாது, கையில் என்ன பிடிக்கலாம், யாருக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று எல்லாமே எழுதியிருக்கும். ஒரு தடவை எங்கள் கேமில் நாயகன் பள்ளத்தில் விழுந்ததும் திரையில் 'கேம் ஓவர்' என்று வந்தது. எங்கள் பாத்திரம் தோற்கக் கூடாது, விழவும் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓடிக் குதிக்கும் கேமில் விழாமல் எப்படி? ஒரு வாரம் மண்டையைக் குடைந்தது. கூட வேலை பார்த்த ஓவியர் அண்ணன்தான் வழி சொன்னார்: "பள்ளத்துல ஒரு வலையைக் கட்டிடுப்பா. விழுந்தா துள்ளி மேல வரட்டும். கொஞ்சம் நேரம்தான போகும்?" அதற்கு அப்ரூவல் கிடைத்தது. தோல்வியை விடக் குழந்தைகளுக்கு அந்தத் துள்ளல்தான் பிடித்திருந்தது, வேண்டுமென்றே விழுந்தார்கள். கட்டுப்பாடு வரும்போது எரிச்சல் வரும். ஆனால் நான் செய்ததில் எனக்கே பிடித்தவை பல, இப்படி ஒரு 'கூடாது'விலிருந்து பிறந்தவைதான்.

சினிமா வேலையில் தேதி அசையாது. படம் வெள்ளிக்கிழமை என்றால் அதற்கு முன்பே தளம் லைவ் ஆகியிருக்க வேண்டும். ஆனால் வில்லனின் படத்தை ரகசியம் என்று கடைசி வாரம் வரை தர மாட்டார்கள். கறுப்பு நிழலுருவம் ஒன்றை வைத்தே கேமை முழுதாகக் கட்டி முடிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

டெஸ்டிங்கை வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் செய்யுங்கள். நாங்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐந்தாறு ஆண்ட்ராய்டு போன்களை மேஜையிலேயே வைத்திருக்கிறோம். அவற்றில் லோடு ஆக எத்தனை விநாடி என்று எண்ணிய பிறகுதான் அனிமேஷனைப் பற்றியே பேசுவோம். முதல் திரைக்குத் தேவையானதை மட்டும் முதலில் இறக்கி, மீதியை அவர் விளையாட ஆரம்பித்த பிறகு பின்னாலேயே இறக்குவது எங்கள் வழக்கம். அப்புறம், பல கேம்களில் 'தொட்டுத் தொடங்குங்கள்' என்று ஒரு திரை வருகிறதே, அதற்கு ஒரு காரணம் உண்டு. பயனர் திரையைத் தொடாத வரை இன்றைய பிரவுசர்கள் பொதுவாகச் சத்தத்தை ஒலிக்க விடுவதில்லை. அந்த ஒரு தொடுகையை வாங்கத்தான் அந்தப் பொத்தான்.

இனி லீடர்போர்டு, அதாவது யார் அதிக ஸ்கோர் என்று காட்டும் பட்டியல். புதிதாக வருபவர்கள் அடிபடும் இடம் இது, நானும் அடிபட்டேன். முதலில் வருபவருக்கு சைக்கிள் பரிசு என்று ஒரு கேம் செய்தோம். எவ்வளவு நன்றாக ஆடினாலும் 4,000 புள்ளிக்கு மேல் எடுக்க முடியாது. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் முதல் பத்து இடத்திலும் 99,99,999. ஸ்கோரைக் கணக்கிடுவது விளையாடுபவரின் பிரவுசர், அதை சர்வருக்கு அனுப்புவதும் அதே பிரவுசர். நடுவில் அந்த எண்ணை மாற்றி அனுப்ப ஒரு கல்லூரி மாணவருக்குப் பத்து நிமிடம் போதும். நாங்கள் ஸ்கோரைச் சங்கேதமாக்கித்தான் அனுப்பியிருந்தோம். ஆனால் பூட்டும் சாவியும் சேர்ந்தே அவர் கணினிக்குப் போகும்போது அந்தப் பூட்டால் என்ன பயன்? அன்று ஒரு அம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தன் மகன் நான்கு நாளாக விளையாடி முதலிடத்தில் இருந்தான், காலையில் பதினொன்றாம் இடத்துக்குப் போய்விட்டான், ஏன் என்று கேட்கிறான், நான் என்ன சொல்ல என்று எழுதியிருந்தார். அந்தப் பையன் நமக்குக் கொடுத்தது மூன்று நிமிடம் அல்ல, நான்கு நாள்.

அதற்குப் பிறகு எந்தக் கேமிலும் பிரவுசர் சொல்லும் ஸ்கோரை நான் நம்புவதில்லை. ஆட்டம் தொடங்கும்போது சர்வர் ஒரு எண்ணைக் கொடுக்கும். எந்தத் தடை எப்போது வரும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். விளையாடுபவர் எந்தெந்தக் கணத்தில் திரையைத் தொட்டார் என்ற பட்டியல் மட்டும் சர்வருக்குத் திரும்பி வரும். சர்வர் அதே ஆட்டத்தை அதே தொடுகைகளோடு தானே ஒரு தடவை ஓட்டி ஸ்கோரைக் கணக்கிடும். இதிலும் ஏமாற்ற முடியும், தானாக விளையாடும் நிரல் எழுதலாம். ஆனால் அதற்கு உண்மையிலேயே உழைக்க வேண்டும். பரிசு இல்லாத கேம் என்றால் இவ்வளவு தேவையில்லை. நண்பர்களுக்குள் மட்டும் ஒப்பிடும் பட்டியல் போதும்.

பரிசு என்றதும் இன்னொன்று. பொருள் வாங்கியவர்களில் குலுக்கல் முறையில் பரிசு என்று வரும் விளம்பரங்களில் 'தமிழ்நாட்டில் செல்லாது' என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1979-ல் தமிழ்நாட்டில் வந்த பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம்தான் காரணம். சென்னையில் உட்கார்ந்து ஒரு போட்டியை முழுதாகக் கட்டிவிட்டு, மாநிலப் பட்டியலில் தமிழ்நாட்டை நானே நீக்கியிருக்கிறேன். சட்டத்தில் தவறில்லை. ஆனால் அதைக் கடைசி நாளில் தெரிந்துகொண்டால் திரைகள், விதிமுறைகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். முதல் மீட்டிங்கிலேயே பரிசு எப்படி, யாருக்கு என்று கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளுக்கான கேம் என்றால் தகவல் கேட்பதில் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் காக்க 1998-லேயே சட்டம் வந்தது. நம் நாட்டில் 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தை என்றே கணக்கிட்டு, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. நான் கிளையண்டிடம் சொல்வது இதுதான்: பெயரே கேட்க வேண்டாம். 'பச்சை யானை', 'வேகப் புலி' என்று நாமே இருபது பெயர் கொடுப்போம், குழந்தை ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக, செய்த வேலையைப் பத்திரமாக வையுங்கள். ஆறு வாரம், எட்டு வாரம் ஓடிவிட்டுத் தளத்தை எடுத்துவிடுவார்கள். ஃப்ளாஷ் காலத்தவர்களுக்கு இன்னும் மோசம். 2017-ல் அறிவித்தபடி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஓட மறுத்தது. லெகோ தன் பயோனிகிள் பொம்மைகளுக்காக 2001-ல் வெளியிட்ட, ஒரு தீவின் கதையையே அத்தியாயம் அத்தியாயமாகச் சொன்ன 'மாட்டா நூயி' கேமை இன்றும் விளையாட முடிகிறதென்றால், ரசிகர்கள் கோப்புகளைப் பத்திரப்படுத்தியதுதான் காரணம். 'ரஃபிள்' என்ற இலவச மென்பொருள் பழைய ஃப்ளாஷ் கோப்புகள் பலவற்றை இன்றைய பிரவுசரில் ஓட்டுகிறது. என் முதல் மூன்று வருட வேலையில் கையில் மிஞ்சியது ஒரு பழைய சிடியில் இருந்த நான்கு கோப்புகள் மட்டும். அவற்றில் மூன்று ரஃபிளில் ஓடுகின்றன.

அதனால் வேலைக்குச் சேரும்போதே, தளம் எடுக்கப்பட்ட பிறகு வீடியோப் பதிவை என் வேலை மாதிரியாகக் காட்டலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லைவ் ஆன அன்றே முழு ஆட்டத்தையும் ஒரு போனில் பதிவு செய்துவிடுங்கள். நேர்காணலுக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். அது இல்லாதவர்களிடம், சொந்தமாகச் செய்த ஒரு விரல் கேம் ஒன்றைக் கேட்பேன். கேம் செய்ய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான ஃபேசர் கொண்டு செய்ததாக இருந்தாலும் சரி, பிரவுசரிலேயே இருக்கும் வரைபரப்பான வெறும் கேன்வாஸில் எழுதியதாக இருந்தாலும் சரி. மேஜையில் இருக்கும் பழைய போன்களில் ஒன்றை எடுத்து, அதில்தான் திறந்து பார்ப்பேன்.