41 சிசுக்கள் அல்ல, 4 தாய்கள்

சகோதரி, பூச்சிமருந்து கொடுத்த நான்கு சினை எலிகளின் 41 சிசுக்களில் 9-க்கு விலா எலும்பு நெளிந்திருந்தது, இதை மருந்தின் விளைவு என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எழுத வேண்டாம்.

உங்கள் அட்டவணையிலேயே காரணம் இருக்கிறது. அந்த 9-இல் 7 ஒரே தாயின் வயிற்றில் இருந்தவை. மருந்தைக் குடித்தவள் தாய். ஒரே கருப்பையில் வளர்ந்தவை ஒன்றையொன்று ஒத்துத்தான் இருக்கும். ஆகவே உங்கள் மாதிரி எண்ணிக்கை 41 அல்ல, 4. கருவில் வரும் நச்சு பாதிப்பைச் சோதிப்பதற்கான சர்வதேச ஓ.இ.சி.டி. 414 வழிகாட்டி ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ 20 சினை எலிகளைக் கேட்பது சும்மா இல்லை.

அந்த 7 சிசுக்களின் தாயுடைய சினைக்காலத்து 20-ஆம் நாள் எடையிலிருந்து கருப்பையின் எடையையும், மருந்து தொடங்கிய 6-ஆம் நாள் எடையையும் கழித்துப் பாருங்கள். மற்றவற்றைவிட மிகக் குறைவாக வந்தால், அவள் இரையெடுக்காமல் மெலிந்ததும் காரணமாகலாம். நெளிந்த விலா பல நேரங்களில் பிறந்தபின் நேராகிவிடும். முதுகெலும்புப் பிளவோடு சேர்த்து அதை எண்ணாதீர்கள்.

மே மாதத்தில் செய்ததாகச் சொல்கிறீர்கள். மருந்து கொடுக்காத கட்டுப்பாட்டுக் குழுவும் அதே அறையில், அதே வாரத்தில் இருந்ததா? சென்னையில் நான் வேலை பார்த்த விலங்கறையில் ஒரு மதியம் மின்சாரம் நின்றது. எலிகள் கூண்டுத் தரையில் வயிறு பரப்பிக் கிடந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சினையின் 9, 10-ஆம் நாட்களில் தாயின் உடல் மிகவும் சூடேறினாலே கரு பாதிக்கப்படும்.

தாய்வாரியாகச் சதவீதம் போட்டு மறுபடி இடுங்கள், சேர்ந்து பார்ப்போம். அலிசரின் என்ற எலும்புச் சாயமிட்ட எலும்புக்கூடுகளைக் கிளிசரினில் பத்திரப்படுத்துங்கள்.